தேயிலைத் துரையும் ஓயாத பருவமும்

இலங்கைத் தேயிலையின் கதையை ஜேம்ஸ் டெய்லரிலிருந்துதான் தொடங்குவார்கள். 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1852இல், 17 வயது நிறையும் முன்பே, கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தார். கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டமே அவரது வாழ்க்கையானது. 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, நாடு அந்தச் செடியின் பக்கம் திரும்பியது.

கொழுந்து காத்திருக்காது. மழை விழுந்தால் பொங்கி வரும். பறித்ததை உடனே வாட்டி, உருட்டி, காய வைக்க வேண்டும். ஆரம்பத்தில் டெய்லரின் பங்களா விறாந்தையில் தொழிலாளர்கள் கையால்தான் உருட்டினார்கள். 40 ஆண்டுகளில் அவர் எடுத்ததாக அறியப்படும் ஒரே விடுமுறை 1874இல் டார்ஜிலிங் பயணம். அதுவும் தேயிலை பார்க்கத்தான்.

1892இல் தோட்ட நிறுவனம் அவரை விலகச் சொன்னது. அவர் மறுத்தார். மே 2ஆம் திகதி வயிற்றுளைவால் இறந்தார். வயது 57.

ஓயாத நெருக்கடி உடலை எப்படித் தாக்குகிறது என்று மொன்றியலில் ஹான்ஸ் செல்யே எழுதியது அதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 1936இல். நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்தத்தில் சீனி ஏறும். சில மணி நேரத்துக்கு இது உதவி. மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் உயரும், நோயெதிர்ப்பு தளரும். டெய்லரைக் கொன்றது இதுதான் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுளைவு கிருமியால் வருவது. ஆனால் ஓய்வில்லாத உடல் கிருமியோடு போராடவும் பலமிழந்து நிற்கும்.

அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் மாறி மாறிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மஹியாவை மயானத்தில் அவருடைய கல்லறையைப் பார்த்திருக்கிறேன். கல்லில் அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை. அதே பருவத்தில், அவரைவிடக் கடுமையாக, லயத்தில் படுத்து எழுந்து உழைத்தவர்கள் அவர்கள்.

இன்றும் கொழுந்துக் காலத்தில் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கு அந்த உழைப்போடு போரின் பயமும் சேர்ந்தது. ஷெல் ஓய்ந்த பிறகும் உடல் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. நம் வீடுகளில் பிரஷர், சீனி, தூக்கமின்மை என்று மருந்து வாங்குபவர்களிடம் மாத்திரையை மட்டும் விசாரிக்கிறோம். எத்தனை மணி நேரம் வேலை, எதை நினைத்து விழித்திருக்கிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும்.