காந்தப்புயல் பதிவுகளைக் காத்த நானாபாய் மூஸ்

பெங்களூரு: சூரியனை ஆராயும் இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி விண்ணில் ஏவப்பட்டது. அதிலுள்ள காந்தமானி பெங்களூருவிலுள்ள இஸ்ரோ ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. சரியாக 164 ஆண்டுகளுக்கு முன்னர், 1859 செப்டம்பர் 2-ஆம் தேதி, வரலாற்றில் பதிவான மிகக் கடுமையான காந்தப்புயல்களுள் ஒன்று பூமியைத் தாக்கியது. அன்று மும்பை கொலாபா ஆய்வகத்தில் கிடைமட்டக் காந்தவிசை ஏறத்தாழ 1,600 நானோ டெஸ்லா அளவுக்குச் சரிந்ததை ஊழியர்கள் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தனர். அத்தகைய பதிவுகளைத் தொகுத்து, அவற்றின் தொடர்ச்சியைக் காத்தவர் நானாபாய் அர்தேஷிர் பிராம்ஜி மூஸ்.

அப்புயல் வீசிய அதே ஆண்டு அக்டோபரில் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த மூஸ், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1896-இல் கொலாபா ஆய்வகத்தின் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் சந்தித்த பெரும் சவால் மின்சார டிராம். குதிரைகள் இழுத்துவந்த டிராம்களை மின்சாரத்தில் இயக்க மும்பை நகரம் ஆயத்தமானது. தண்டவாளங்களிலிருந்து நிலத்தில் கசியும் மின்னோட்டம் நுண்ணிய காந்தக் கருவிகளைத் தடுமாறச் செய்யும். அதன்பின் புயலின் அதிர்வு எது, டிராமின் அதிர்வு எது என்று பிரித்தறிய இயலாது. 1840-களில் தொடங்கிய அளவீட்டுத் தொடரே பயனற்றுப்போகும் அபாயம் எழுந்தது.

இதனால் மும்பைக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாக்கில், காந்தத்தன்மையற்ற பொருள்களைக் கொண்டு புதிய ஆய்வகம் கட்டப்பட்டது. கருவிகளை இடம் மாற்றுவதோடு மூஸ் நிறைவடையவில்லை. 1904 முதல் 1906 வரை இரு இடங்களிலும் ஒரே வேளையில் அளவீடுகள் எடுக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கணக்கிடப்பட்டதால் பழைய பதிவுகளும் புதியவையும் ஒரே தொடராக இணைந்தன. 1907-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அலிபாக் ஆய்வகம் முழு அளவில் இயங்கிக்கொண்டிருந்தது.

1846 முதல் 1905 வரையிலான அளவீடுகளை ஆராய்ந்து மூஸ் எழுதிய நூல் 1910-இல் இரு தொகுதிகளாக வெளியானது. காந்தப்புயலின்போது கிடைமட்டக் காந்தவிசை முதலில் திடீரென உயர்ந்து, பின்னர் வெகுவாகச் சரிந்து, அதன்பின் மெல்ல மெல்ல இயல்புநிலைக்குத் திரும்பும் போக்கை அவரது ஆய்வு விளக்கியது. பிரிட்டன் அறிவியலாளர் சிட்னி சாப்மன் பின்னர் இத்துறையை மேலும் வளர்த்தெடுத்தார்.

மூஸ் 1936-இல் காலமானார். 1989 மார்ச் மாதம் ஏற்பட்ட காந்தப்புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. 1859-இல் வீசியதைப் போன்ற புயல் மீண்டும் வந்தால் செயற்கைக்கோள்களும் மின்கட்டமைப்புகளும் என்னவாகும் என்பதைக் கணிக்க, கொலாபாவின் அன்றைய அளவீட்டையே ஆய்வாளர்கள் இன்றும் நாடுகின்றனர். அலிபாக் ஆய்வகம் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின்கீழ் தொடர்ந்து இயங்கி வருகிறது.