பூதங்களைப் படைத்த பொம்மைக்காரர்

விளையாட்டு என்பது வீண் பொழுதுபோக்கென்று கருதுவார் பலர். நம் முன்னோர் அங்ஙனம் கருதினாரல்லர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்தனுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றினைக் குழந்தையின் விளையாட்டிற்கே உரியனவாக்கினர் நம் புலவர். சிறுவர் விளையாட்டையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஜப்பானியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முயல்கின்றேன்.

இம்முயற்சிக்குக் காரணம் ஒன்றுண்டு. யான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். நூலைப் பின்னித் துணியாக்கி, சாயமேற்றி, வெட்டித் தைத்து அயல்நாடுகட்கு அனுப்புவதே அவ்வூரார் பிழைப்பு என்பதை அன்பர்கள் அறிவர். சென்ற விடுமுறையில், என் தந்தையார் பணிபுரியும் அச்சுக்கூடத்திற்குச் சென்றிருந்தேன். ஆங்குச் சிறுவர் பனியன்களின்மீது முதுகில் முள்வரிசையும் நீண்ட வாலும் உடையதொரு பேருருவம் அச்சாகிக்கொண்டிருந்தது. அதே உருவம் சிறு பொம்மையாய் என் தம்பியின் கையிலும் உண்டு. அப்பொம்மையை விலைகொடுத்து வாங்கியதன் பொருட்டு எம் இல்லத்திற் சிறு பூசலும் நிகழ்ந்தது. பொருளை வீணாக்கினான் என்று அவனைக் கடிந்தோருள் யானும் ஒருவன். இவ்வுருவத்தைப் படைத்தவர் யாவர் என்று தம்பி வினவ, எம்மில் எவர்க்கும் விடை தெரிந்திலது. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

இளமை

ஜப்பான் நாட்டுப் புகுஷிமா மாநிலத்தில், சுககாவா என்னும் ஊரில், 1901-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எய்ஜி சுபுராயா பிறந்தார். மூன்றாம் வயதில் அன்னையை இழந்தார். தந்தையாரும் இல்லத்தை விட்டுப் பிரிந்து செல்லவே, பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய மண்ணில் முதன்முதலாக ஆகாய விமானம் பறந்தது. அச்செய்தி ஒன்பது வயதுச் சிறுவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அன்று முதல் மாதிரி விமானங்களைச் செய்வதே அவர்க்கு வேலையாயிற்று.

விமானியாதல் வேண்டும் என்னும் வேட்கையால் 1916-ஆம் ஆண்டில் ஹனேடா என்னுமிடத்திலிருந்த விமானப் பள்ளியிற் சேர்ந்தார். ஆயின், அடுத்த ஆண்டே அப்பள்ளியின் ஆசிரியர் விமான விபத்தில் உயிர் துறந்தார், பள்ளியும் மூடப்பட்டது. பதினைந்து வயதிற் கண்ட கனவு விரைவிற் கலைந்தது. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். டோக்கியோவில் மின்பொறிக் கல்வி பயிலத் தொடங்கி, செலவிற்குப் பொருள் வேண்டி, விளையாட்டுச் சாமான்கள் செய்யும் நிறுவனமொன்றில் அமர்ந்து புதுப்புதுப் பொம்மைகளை ஆக்கித் தந்தார். படத் தொழிலுக்கு முன் அவர் செய்தது பொம்மைத் தொழில் என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க.

படத் தொழில்

1919-ஆம் ஆண்டு இளவேனிலில், செர்ரி மலர்கள் பூத்த சோலையொன்றிற் பொம்மைத் தொழிலாளர் கூடி மகிழ்ந்திருந்தனர். அவர்கட்கும் அயலே இருந்த படத்தொழிலாளர்க்கும் கைகலப்பு மூண்டது. அதனை இடைபுகுந்து தணித்தார் சுபுராயா. அவர்தம் பண்பையும் அறிவையும் கண்ட எடமசா என்னும் இயக்குநர், தம் தொழிலுக்கு வருமாறு அழைத்தார். ஒரு தெருச்சண்டை ஒருவர் வாழ்வின் போக்கையே மாற்றியமை வியப்பன்றோ!

ஒளிப்பதிவாளராய்ப் பல்லாண்டு உழைத்த அவர், அமெரிக்கப் படமாகிய கிங் காங் 1933-ஆம் ஆண்டு ஜப்பானுக்கு வந்தபோது அதனைக் கண்டு வியந்தார். வியந்ததோடு அமைந்தாரல்லர். அப்படச் சுருளைத் தேடிப் பெற்று, ஒவ்வொரு படமாக ஆராய்ந்து, அப்பெருங்குரங்கு அசைந்த வகையைத் தாமே கற்றார். 1937-ஆம் ஆண்டு டோஹோ நிறுவனத்தில் தந்திரக் காட்சிப் பகுதியின் பொறுப்பை ஏற்றார்.

போர்

இனிக் கூறப்போவது புகழ்ச்சிக்குரியதன்று. எனினும் மறைத்தல் முறையன்று. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை பெர்ள் துறைமுகத்தைத் தாக்கிற்று, மலேயாவினுட் புகுந்தது. அவ்வெற்றிகளைப் போற்றும் பொருட்டு, ஹவாய் மலேயா கடற்போர் என்னும் படம் மறு ஆண்டு வெளிவந்தது. அதன்கண் வந்த துறைமுகமும் கப்பல்களும் விமானங்களும் சுபுராயாவின் குழுவினர் சிறிய அளவிற் செய்தவை. சிறுவயதில் அன்போடு செய்த விமானப் பொம்மைகள் போரின் பெருமையை முழக்கும் கருவிகளாயின. அதே காலத்தில் மலேயாத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்களுட் பல்லாயிரவர், சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பசியாலும் நோயாலும் மடிந்தனர் என்பதை நாம் மறத்தற்கில்லை. கைத்திறன் தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அது யாருக்கு ஏவல் செய்கின்றது என்பதே வினா.

போர் முடிந்து ஜப்பான் அயலார் ஆட்சியின்கீழ் வந்தபின், போர்ப் படங்களில் அவர்க்கிருந்த பங்கு காரணமாக 1948-ஆம் ஆண்டில் அவர் பதவியினின்று விலக்கப்பட்டார். சில ஆண்டுகள் தனித்து நின்று, கிடைத்த சிறு வேலைகளைச் செய்து காலங்கழித்தார்.

கோஜிரா

1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், அமெரிக்கர் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தனர். அதன் நச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றில் இருந்த 23 பேர்மீதும் படிந்தது. அவருள் ஒருவர் அவ்வாண்டே மாண்டார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. இவ்வச்சமே உருக்கொண்டு கோஜிரா ஆயிற்று. கொரில்லா என்னும் சொல்லையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிரா என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்து இட்ட பெயர் இது. ஏனைய நாட்டார் காட்ஸில்லா என்பர்.

இஷிரோ ஹோண்டா இயக்கிய அப்படத்திற் பூதத்தின் காட்சிகள் சுபுராயாவின் பொறுப்பு. கிங் காங் போலப் பாவையைச் சிறிது சிறிதாய் அசைத்துப் படம் பிடிக்கக் காலமும் பொருளும் இல்லை. ஆகலின் சுமார் 100 கிலோ எடையுள்ள உடையொன்று செய்து, ஹருவோ நகஜிமா என்னும் நடிகரை அதனுட் புகுத்தினர். டோக்கியோ நகரை 25-இல் ஒரு பங்கு அளவிற் கட்டினர். படப்பெட்டியை விரைவாக ஓட்டிப் பதிவு செய்து, இயல்பான வேகத்திற் காட்டினமையால், மனிதன் நடந்த நடை மலை அசைவதுபோல் தோன்றிற்று. 1954 நவம்பர் 3-ஆம் நாள் வெளிவந்த அப்படத்தை ஏறத்தாழ 96 இலட்சம் மக்கள் கண்டனர். போரின் வெற்றியைக் காட்டப் பொம்மை நகரம் சமைத்த அதே கைகள், இப்பொழுது போரின் அழிவைக் காட்டப் பொம்மை நகரத்தை எரித்தன.

கைக்குள் அடங்கிய பூதங்கள்

1963-இல் அவர் தம் பெயரால் தனி நிறுவனம் நிறுவினார். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் அல்ட்ரா கியூவும், ஜூலையில் அல்ட்ராமேனும் தொலைக்காட்சியில் தொடங்கின. கிழமைதோறும் புதுப் பூதமொன்று தோன்றும். சிறுவர் அவற்றின் பெயர்களையும் ஆற்றல்களையும் பாடம்போல் மனனஞ் செய்தனர். அவ்வாண்டே மருசான் என்னும் நிறுவனம் அப்பூதங்களை மென்மையான வினைல் பொம்மைகளாக வார்த்து விற்கத் தொடங்கிற்று. கிழமைக்கொரு பூதமாதலின் ஒன்று வாங்கிய சிறுவன் அடுத்ததையும் விரும்பினான். வரிசையாகத் தொகுக்கும் வழக்கம் இங்ஙனம் வேரூன்றியது.

அப்பொம்மை செய்யும் முறை அறியத்தக்கது. மெழுகிற் செதுக்கிய உருவின்மேல் உலோகம் படியச்செய்து அச்சாக்குவர். அவ்வச்சினுள் வினைற் குழம்பை ஊற்றிச் சூடேற்றினால், அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் இறுகும். எஞ்சியதைக் கொட்டிவிட்டு, வெம்மை ஆறுமுன் இடுக்கியால் இழுத்தெடுப்பர். தலையும் கைகால்களும் தனித்தனியே வார்த்துப் பொருத்தப்படுவதால் அவற்றைத் திருப்பலாம். பின்னர் ஒவ்வொரு நிறமாகப் பூசுவர். எம்மூர் அச்சுக்கூடத்தில் நிறத்திற்கொரு சட்டம் வைத்து அச்சிடும் பொறுமையை யான் கண்டிருத்தலின், இவ்வேலையின் அருமை எளிதில் விளங்கிற்று.

மருசான் 1968-இல் நொடித்தது. அதில் இருந்தோர் தொடங்கிய புல்மார்க் நிறுவனம் 1977 வரை நின்றது. 1983-இல் பண்டாய் நிறுவனம் மீண்டும் பூதவரிசையைத் தொடங்கிற்று. அவ்வரிசையின் வழிவந்தவை இன்றும் விற்கின்றன. அந்நாளைய மருசான் பொம்மைகளைப் பெரும்பொருள் கொடுத்து முதியோரும் தேடி வாங்குகின்றனர்.

இவற்றினும் சிறந்ததொன்றுண்டு. பூதங்கள் எத்துணை மோதினும் குருதி சிந்துவதைக் காட்டலாகாதென்பது சுபுராயாவின் கொள்கை. காண்போர் குழந்தைகள் என்பதை அவர் மறந்தாரல்லர். அல்ட்ராமேன் பூதங்களை வரைந்த டோரு நரிதா என்னும் ஓவியரும் சிதைந்த உடலும் வழியும் குருதியும் உடைய உருவங்களை விலக்கினார். ஆகவே, ஒரு தலைமுறையை நடுங்கவைத்த அச்சம், அடுத்த தலைமுறையின் கையில் அடங்கும் விளையாட்டுப் பொருளாயிற்று. குழந்தை அதனை நிறுத்தும், வீழ்த்தும், மீண்டும் எழுப்பும். அச்சத்தை ஆளக் கற்பதற்கு இதனினும் எளிய பள்ளி ஏது?

முடிவு

சுபுராயா கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர். 1970-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், இடோ நகரில், நெஞ்சு நோயால் தம் 68-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த சுககாவாவின் வீதிகளில் இன்று அவர் பூதங்களின் சிலைகள் நிற்கின்றன. 2019-இல் அவர் பெயரால் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது.

தாயற்ற சிறுவர், பறக்க இயலாத விமானி, பதவியிழந்த தொழிலாளர் என மூன்று முறை அவர்க்கு வழி அடைபட்டது. மூன்று முறையும் சிறு பொருளைக் கையாற் செய்யும் பழக்கமே அவரைக் காத்தது. அதே பழக்கம் ஒருமுறை அவரைத் தீய பணிக்கும் ஆளாக்கிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அவர் வாழ்வு விளங்காது.

இவ்வரலாற்றைத் தம்பிக்குக் கூறினேன். கோஜிரா கெட்டதா, நல்லதா என்று கேட்டான். மனிதர் செய்த தவறு அவ்வுருவில் வந்தது என்றேன். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, பொம்மையைத் தன் புத்தகங்களின் அருகே வைத்தான். இனி அதன்பொருட்டு யான் அவனைக் கடிவதில்லை.