‘எம்டன்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? யார் இந்த கார்ல் வான் முல்லர்?

கில்லாடியான ஆளை ‘எம்டன்’னு சொல்றோமே, அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். அதன் கேப்டன் கார்ல் வான் முல்லர், 1873-ல் ஹனோவரில் பிறந்தவர்.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைக்கு அருகே கடலில் நின்று சுமார் 130 குண்டுகளை வீசினார். பர்மா ஆயில் டேங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது 5 பேர் பலி. பயந்துபோன மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள்.

வணிகக் கப்பல்களைப் பிடித்தால், ஆட்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டு, பிறகுதான் மூழ்கடிப்பார். எதிரிகளே மதித்தார்கள். ஆனால் இருட்டில் தூரத்திலிருந்து வந்து விழும் குண்டு ஆள் பார்ப்பதில்லை.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே, பெரிய பீரங்கிகள் கொண்ட ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனை நொறுக்கியது. முல்லரின் ஆட்களில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். போர்க்கைதியான அவர், 1923-ல் 49 வயதில் காலமானார்.