உலகம் முழுக்க ஒரே பெயர்... ‘டோலின்’ பள்ளங்களின் ரகசியத்தை உடைத்த யோவான் ஸ்வியிச் யார்?

தரை திடீரென உள்வாங்கினால் செய்திகளில் அதை ‘சிங்க்ஹோல்’ என்கிறார்கள். நகரச் சாலைகளில் பல நேரம் உடைந்த குழாய்தான் காரணம். ஆனால் சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் இயற்கையாகவே உருவாகும் பள்ளத்துக்குப் புவியியலில் தனிப் பெயர் உண்டு: டோலின். இது ஸ்லாவிய மொழிகளின் ‘டோலினா’ என்ற சொல். அந்தப் பள்ளங்களை முறையாக ஆராய்ந்து உலகத்துக்குப் புரியவைத்தவர் செர்பியாவின் யோவான் ஸ்வியிச்.

மருத்துவராக நினைத்தவர்

1865-ல் மேற்கு செர்பியாவின் லோஸ்னிட்சா ஊரில் பிறந்தார். வெளிநாடு போய் மருத்துவம் படிக்க ஆசை. ஆனால் உதவித்தொகை கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெல்கிரேடில் இயற்கை அறிவியல் படித்தார். பிறகு 1889-ல் அரசு உதவியோடு வியன்னா சென்று, ஆல்பிரெக்ட் பென்க் என்ற பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

இடிந்ததா? கரைந்ததா?

அந்தக் காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. பூமிக்கடியில் உள்ள குகையின் கூரை இடிந்து விழுவதால்தான் இந்தப் பள்ளங்கள் உருவாகின்றன என்று பலர் நம்பினார்கள். ஸ்வியிச் நேரில் போய்ப் பார்த்தார், அளந்தார், வடிவத்தை வைத்துப் பிரித்தார். கிண்ணம் போல, புனல் போல, கிணறு போல என மூன்று வகை.

1893-ல் வெளியான ஆய்வில் அவர் சொன்ன முடிவு இதுதான்: சில பள்ளங்கள் இடிந்து உருவானவை, பெரும்பாலானவை கரைந்து உருவானவை. கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் லேசான அமிலமாகி, பாறையின் விரிசல்களில் இறங்கி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. சத்தமே இல்லாமல் நடக்கும் வேலை!

சொல் மாறிய விதம்

இதில் ஒரு வேடிக்கை. ‘டோலினா’ என்றால் வெறும் பள்ளத்தாக்கு, அவ்ளோதான். ஸ்லோவேனியாவின் க்ராஸ் பீடபூமியில் மழைநீர் பாறைக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே ஆறு ஓடாது. அங்கே மூடிய பள்ளங்களையும் மக்கள் டோலினா என்றார்கள். அவற்றின் அடியில் தங்கும் செம்மண்ணில் பயிரும் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய அறிஞர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள, ஸ்வியிச்சின் ஆய்வு அதை நிலைநிறுத்தியது. பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என்று பரவி, ஜப்பானில் ‘டோரீனே’ ஆனது. க்ராஸ் என்ற பெயரே ‘கார்ஸ்ட்’ ஆகி, இவ்வகை நிலம் முழுமைக்கும் பெயரானது. அதே நேரம் ஸ்லோவேனிய, செர்பிய மொழிகளில் இந்தப் பள்ளத்துக்கு ‘விர்தாச்சா’ என்ற சொல்லும் இருக்கிறது.

வரைபடமும் சர்ச்சையும்

ஸ்வியிச் பின்னாளில் பெல்கிரேடு பல்கலைக்கழக ரெக்டரானார். பால்கன் மக்கள் பற்றியும் ஆராய்ந்தார். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் எல்லை விவகாரங்களில் தன் நாட்டுக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அவர் வரைந்த இன வரைபடங்கள், குறிப்பாக மாசிடோனியா விஷயத்தில், செர்பியாவுக்குச் சாதகமானவை என்ற விமர்சனம் இன்றும் உண்டு. 1927-ல் காலமானார். செர்பியாவின் 500 தினார் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

இப்போது ஏன் முக்கியம்?

டோலினில் விழும் தண்ணீர் மண்ணில் சரியாக வடிகட்டப்படாமலே நிலத்தடிக்குப் போய்விடும். அதனால் அங்கே குப்பை கொட்டினால், அந்த அழுக்கு எங்கோ தூரத்து ஊற்றில், யாரோ குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். பாறைக்குள் தண்ணீர் போகும் பாதையை ஸ்வியிச் தேடியதன் பயன் இன்று இங்கேதான் தெரிகிறது.