டாக்டர் ஜேம்ஸ் கர்ரி

சுரங்கண்டார் நெற்றியில் ஈரத்துணி இடுதலும், மயங்கி விழுந்தார் முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்தலும் நம்மவரிடை நெடுங்காலமாய் வழங்கிவரும் பழக்கங்களாம். திருத்தணிகைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டின் சித்திரை வெயிலை அறிந்தோர், தண்ணீரினும் சிறந்த மருந்து வேறில்லை என்று எண்ணுதலும் இயல்பே. ஆயினும், குளிர்ச்சி எப்பொழுது மருந்தாகும், எப்பொழுது நஞ்சாகும் என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் அறியவேண்டும் என்று முயன்ற முன்னோருள் தலைசிறந்தவர் ஸ்காத்லாந்து தேயத்து வைத்தியராகிய ஜேம்ஸ் கர்ரி என்பவர். இதயம் நின்று மீண்டும் இயங்கப்பெற்ற நோயாளரின் உடல்வெப்பத்தை எவ்வாறு பேணுவது என்பது இக்காலத்து வைத்திய உலகில் ஒரு பெரிய வினா. அவ்வினாவை விளங்கிக்கொள்ள இப்பெரியாரின் வரலாறு துணைசெய்யும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கர்ரி 1756-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிற்றூர்த் திருச்சபை ஒன்றின் குரு. கர்ரி 1771-இல், பதினைந்தாம் அகவையில், அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று வணிகக் கணக்கராக அமர்ந்தார். அங்கே குடியேற்ற நாட்டாருக்கும் ஆங்கில அரசுக்கும் பகை மூண்டது; வணிகம் சிதைந்தது; நோயும் அவரைப் பற்றியது. தாயகம் திரும்பும்பொழுது அவரிடம் பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆயினும் மனந்தளராது எடின்பரோ நகரில் வைத்திய நூல் பயின்று, 1780-இல் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்று, அவ்வாண்டே லிவர்ப்பூல் நகரில் தொழில் தொடங்கினார்.

அக்காலத்து லிவர்ப்பூல், அடிமை வாணிகத்தாற் செல்வம் கொழித்த துறைமுகம். நோய் தீர்க்கத் தம்மை அழைக்கும் செல்வருட் பலர் அவ்வாணிகத்தாற் பொருளீட்டியவர் என்பதைக் கர்ரி அறிவார். அறிந்தும், வில்லியம் ராஸ்கோ முதலிய நண்பரோடு சேர்ந்து அக்கொடுமையை எதிர்த்து எழுதினார். ஊதியத்திற்காக உண்மையை மறைத்தல் அவர் இயல்பன்று.

1790-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கப்பலொன்று மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் திட்டில் மோதி உடைந்தது. மாலுமிகள் 23 மணிநேரம் அச்சிதைவைப் பற்றிக்கொண்டு கடுங்குளிரில் தவித்தனர். சிலர் இறந்தனர், பலர் பிழைத்தனர். நீருள் மூழ்கி நின்றோர் பிழைத்திருக்க, நீருக்கு மேலே காற்றிலும் பனிமழையிலும் நனைந்திருந்தோர் மாண்டனர் என்பதைக் கேட்டுக் கர்ரி வியந்தார். பிறர் இதனை ஊழ்வினை என்று விட்டிருப்பர். அவரோ காரணம் காண முற்பட்டார். உடல்நலமுள்ள ஆடவர் சிலரைக் குளிர்ந்த உப்புநீரில் இருத்தி, வெப்பமானியை நாவின் கீழ் வைத்து, நிமிடந்தோறும் நேரும் மாறுதலைக் குறித்தார். நீரில் இறங்கியதும் வெப்பம் விரைந்து தாழ்வதையும், நீரைவிட்டு ஏறிக் காற்றில் நிற்கும்பொழுது மேலும் தாழ்வதையும் கண்டார். இவ்வாராய்ச்சி 1792-இல் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

வில்லியம் ரைட் என்னும் வைத்தியர் 1777-இல் ஜமைக்காவிலிருந்து கப்பலில் வரும்பொழுது, தமக்குற்ற கொடிய சுரத்தைக் கடல்நீரைத் தம்மேற் கொட்டித் தணித்துக்கொண்டார். அவர் எழுதியதைப் படித்த கர்ரி, அம்முறையை லிவர்ப்பூல் நோயாளரிடம் கையாண்டார். 1792-இல் அந்நகரிலிருந்த படையொன்றில் சுரம் பரவியபொழுதும் இதனையே மேற்கொண்டார். ஆயினும், கண்டபடி நீர் கொட்டுதலை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை. உடல் நடுங்கும்பொழுதும், வியர்வை பெருகும்பொழுதும், வெப்பம் இயல்பான அளவிலோ அதனினும் தாழ்ந்தோ நிற்கும்பொழுதும் நீர் கொட்டலாகாது. சுரம் ஏறி, மேனி வறண்டு காந்தும்பொழுதே கொட்டவேண்டும் என்று விதித்தார். வெப்பமானியின்றி இச்சிகிச்சை இல்லை என்பது அவர் கொள்கை. இவற்றைத் தொகுத்து 1797-இல் நூலாக வெளியிட்டார்.

தமிழ் பயிலும் நமக்கு அவர்பால் மற்றொரு மதிப்பும் உண்டு. கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ் 1796-இல் வறுமையில் மறைந்தபொழுது, அவர்தம் மனைவி மக்களுக்கு உதவும்பொருட்டுக் கவிஞரின் வரலாற்றை எழுதி, பாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து 1800-இல் பதிப்பித்தவர் கர்ரியே. நெடுநாள் வருத்திய நெஞ்சு நோயினால் 1805-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் சிட்மத் என்னும் கடற்கரையூரில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின் அவர் முறையும் வழக்கொழிந்தது. 1868-இல் ஜெர்மானியராகிய வுண்டர்லிக் பெருநூல் ஒன்று இயற்றிய பின்னரே வெப்பமானி மருத்துவமனைகளில் நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கர்ரியின் வினா புதுவடிவில் எழுந்தது. இதயம் நின்றால் சில நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்கும்; இதயம் மீண்டும் இயங்கிய பின்னும் அப்பழுது பல மணிநேரம் வளரும். உடல் குளிர்ந்தால் மூளைக்கு வேண்டிய பிராணவாயு குறையும் ஆதலின், 1950-களிலேயே அத்தகைய நோயாளரைக் குளிர்வித்துப் பார்த்தனர்; தீங்குகள் கண்டு கைவிட்டனர். 2002-இல் ஐரோப்பாவில் 275 பேரிடமும் ஆஸ்திரேலியாவில் 77 பேரிடமும் நிகழ்ந்த சோதனைகள், 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தல் நலந்தரும் என்று காட்டின. உலகெங்கும் அது வழக்காயிற்று. ஆனால் 2013-இல் 939 பேரிடம் 33 பாகையையும் 36 பாகையையும் ஒப்பிட்டபொழுது வேறுபாடு தோன்றவில்லை. 2014-இல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே குளிர்ந்த உப்புநீரை நரம்பிற் செலுத்தியதால் நலமில்லை என்பதும், சிலர்க்கு இதயம் மறுபடியும் நின்றது என்பதும் 1,359 பேரிடம் கண்டறியப்பட்டன. 2021-இல் 1,850 பேரிடம் கண்ட முடிவும், குளிர்விப்பதனால் இறப்புக் குறையவில்லை என்பதே. எனவே இப்பொழுது வைத்தியர் பெரிதும் வற்புறுத்துவது, வெப்பத்தை இடைவிடாது அளந்து, 37.5 பாகைக்கு மேல் சுரம் ஏறாமல் காத்தலையே.

இதில் வியத்தற்குரியது யாது? ஒரு காலத்துச் சோதனை நன்றென்று காட்டியதை, மற்றொரு காலத்துப் பெருஞ்சோதனை திருத்தியது. திருத்தத்தை வைத்தியர் ஏற்றுக்கொண்டனர். கர்ரி நமக்கு விட்டுச்சென்ற செல்வம் குளிர்ந்த நீரன்று, அளந்தறியும் நேர்மையே.

பள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் ஒருவர் நினைவிழந்து வீழ்ந்து, மூச்சின்றியோ இயல்பான மூச்சின்றியோ கிடப்பின், நீர் தெளித்துக் காலம் போக்கலாகாது. உடனே 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துதல் வேண்டும். உடல்வெப்பத்தைப் பேணுதல் அதற்குப்பின் வைத்தியர் கடன். இரக்கம் நம்மவர்க்கு இயல்பாக வாய்த்த குணம். அவ்விரக்கத்தோடு அறிவும் சேர்ந்தாலன்றி, விழுந்தார் எழார் என்பதை மாணவராகிய நாம் உள்ளத்திற் கொள்ளுதல் தகும்.