சலீம் அலி பார்த்த சுவர்ப் பொந்து



நம் மலையடிவாரத்துக்கு அருகே, கோவை ஆனைகட்டியில் ஒரு பறவை ஆராய்ச்சி மையம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1990-ல் தொடங்கிய அந்த மையம் சலீம் அலியின் பெயரைத் தாங்கியது. இந்தியாவின் பறவை மனிதர் என்று பெயர் பெற்ற அவரது கதை ஒரு குருவிக் கூட்டில்தான் தொடங்குகிறது.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்து தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயதில் கையில் ஏர்கன் வந்துவிட்டது. குதிரை லாயத்துச் சுவர் ஓட்டையில் ஒரு பெண் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. வெளியே காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டார். உடனே இன்னொரு ஆண் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் விழுந்தன. சிறுவன் செய்தது விளையாட்டு. ஆனால் பார்த்ததைக் குறித்தும் வைத்தான்.

1908-ல் அவன் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம். அது என்ன குருவி என்று கேட்க மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். செயலாளர் மில்லார்ட் பெயர் சொன்னதோடு, அலமாரிகளைத் திறந்து பறவைகளைக் காட்டினார். வாழ்க்கை திசை மாறியது.

பெர்லினில் படித்துத் திரும்பியபோது வேலை இல்லை. கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் மனைவி தெஹ்மினாவோடு தங்கி, தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒருவரின் அழைப்பில் நம் கோத்தகிரியிலும் தங்கியிருக்கிறார். 1933-ல் திருவிதாங்கூர், கொச்சியில் பறவைக் கணக்கெடுப்பு. 1939-ல் தெஹ்மினா காலமானார். அந்தத் துயரத்திலும் பணி நிற்கவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. பின்னாளில் நீலகிரியை ஒட்டிய சைலன்ட் வேலியில் அணை வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1976-ல் பத்ம விபூஷண். 1987 ஜூன் 20 அன்று மறைந்தார்.

அந்த லாயத்துச் சுவரை மறுபடி நினைத்துப் பாருங்கள். சிட்டுக்குருவிக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. ஓட்டு வீட்டு இடுக்கும் சுவர் ஓட்டையும்தான் அதற்கு வீடு. வழவழப்பான நம் அடுக்குமாடிச் சுவரில் அது எங்கே போகும்?

பால்கனியில் ஒரு மரப்பெட்டி மாட்டுங்கள். வாசல் துளை சுமார் 3.2 செ.மீ. விட்டம் போதும், பெரிதானால் மைனா புகும். பூனைக்கு எட்டாத உயரத்தில், தென்மேற்குச் சாரல் அடிக்காத பக்கமாக இருக்கட்டும். குஞ்சுகளுக்குப் புழு பூச்சிதான் உணவு. செடிகளுக்கு மருந்து தெளிப்பதைக் குறையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது ஓட்டையை அடைக்கும் முன், உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

பெட்டியில் குருவி குடிவந்தால், உங்கள் பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். ஏர்கன் தேவையில்லை.