சீலியாக் ரத்தப் பரிசோதனை: எந்த லேபை நம்புவது? டச்சு டாக்டர் டிக்கேயின் வாழ்க்கை சொல்லும் பதில்

சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எது சாப்பிட்டாலும் வயிறு உப்புசம். அடிக்கடி வயிற்றுப்போக்கு. எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஏறாத ஹீமோகுளோபின். இப்படி வருபவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் ஒன்று, சீலியாக் ரத்தப் பரிசோதனை. போனிலேயே புக் பண்ணிடலாம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க. ரிப்போர்ட்டும் போனுக்கே வந்துவிடும்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டை வைத்து எடுக்கப்போவது சின்ன முடிவு இல்லை. நோய் உறுதியானால் ஆயுள் முழுக்கக் கோதுமையைத் தொடக் கூடாது. நோய் இருந்தும் தவறாக நெகட்டிவ் வந்தால், சிறுகுடல் உள்ளே சேதமாகிக்கொண்டே இருக்கும். அப்போ எந்த லேபை நம்புவது?

இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று நிரூபித்த டச்சு டாக்டர் ஒருவரின் வாழ்க்கையில் இதற்கான பதில் இருக்கிறது. அவர் பெயர் வில்லெம் காரல் டிக்கே. கோதுமை மீது அவருக்குச் சந்தேகம் வந்தது 1930களில். உலகம் அதை ஏற்றுக்கொண்டது 1950களில். நடுவில் இல்லாமல் போனது, நம்பகமாக அளந்து சொல்லும் ஒரு லேப் முறை.

சீலியாக் என்றால் என்ன?

இது அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும் நோய். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய மடிப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குழந்தைகளுக்கு வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, வளர்ச்சி நின்றுவிடும். பெரியவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவே இல்லாமல் ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், சோர்வு என்றும் வரலாம்.

லண்டனைச் சேர்ந்த சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888லேயே இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாக வேண்டுமென்றால் அது உணவால்தான் முடியும் என்பது அவர் கணிப்பு. எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் 1924ல் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில்தான் ஏதோ மருந்து இருக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். தட்டில் என்ன வைத்தார்கள் என்றுதான் பார்த்தார்கள். தட்டிலிருந்து என்ன போனது என்று யோசிக்கவில்லை.

டிக்கே யார்?

டிக்கே பிறந்தது 1905ல், நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில். 1922 முதல் 1929 வரை லைடனில் மருத்துவம் படித்தார். பிறகு ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவப் பயிற்சி. 1936ல் அதே மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவர் ஆனார். அப்போது வயது 31.

ரொட்டியும் ரஸ்க்கும் சாப்பிட்டபின் சீலியாக் குழந்தைகளுக்கு நோய் திரும்பியதாக ஹேக் மருத்துவர்கள் மத்தியில் 1930களின் தொடக்கத்திலேயே பேச்சு இருந்தது. டிக்கே அதை விடவில்லை. 1936 வாக்கில் தன் வார்டில் கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். 1941ல் ஒரு டச்சு மருத்துவ இதழில் இந்த எளிய உணவுமுறை பற்றி எழுதினார். அது போர்க்காலம். கட்டுரை டச்சு மொழியில் இருந்தது. வெளியுலகின் கவனம் அதன்மேல் விழவில்லை.

பஞ்சத்தில்தான் கண்டுபிடித்தாரா?

இணையத்தில் அதிகம் சுற்றும் கதை இது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். ரேஷன் ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் நன்றாக இருந்தார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் டிக்கே கண்டுபிடித்தார் என்பார்கள்.

கேட்க நல்ல கதைதான். ஆனால் தேதிகளைப் பாருங்க. பஞ்சத்துக்கு 8 ஆண்டுகள் முன்பே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். கட்டுரையும் 3 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. பஞ்சம் அவர் சந்தேகத்தை வலுப்படுத்தியிருக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்து நிரூபிக்க முடியாது. ஊரே பட்டினி கிடக்கும்போது, ஒரு குழந்தை தேறியது ரொட்டி இல்லாததாலா, வேறு எதனாலா என்று எப்படிச் சொல்வது?

அப்போ எப்படித்தான் நிரூபித்தார்?

இங்கேதான் லேப் வருகிறது. சீலியாக் குழந்தையின் குடல் கொழுப்பைச் சரியாக உறிஞ்சாது. அது மலத்தோடு வெளியே போய்விடும். மலத்தில் எவ்வளவு கொழுப்பு என்று துல்லியமாக அளந்தால் குடலின் நிலை தெரிந்துவிடும். பழைய முறைகளில் இது மெதுவான, சிரமமான வேலை. யுட்ரெக்ட் நகரில் இருந்த உயிர்வேதியியலாளர் வான் டி காமர் இதற்கு ஒரு வேகமான முறையை உருவாக்கி 1949ல் வெளியிட்டார்.

டிக்கே அவரோடும், வெய்யர்ஸ் என்ற குழந்தைநல மருத்துவரோடும் கைகோத்தார். குழந்தைகளின் உணவில் கோதுமையை நிறுத்தி அளந்தார்கள். மறுபடி கோதுமை கொடுத்து அளந்தார்கள். கோதுமையும் ரையும் கொடுத்தபோது மலத்தில் கொழுப்பு ஏறியது. அரிசி, மக்காச்சோளம் கொடுத்தபோது ஏறவில்லை. கோதுமையில் இருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்தும் கெடுதல் செய்யவில்லை. மீதி இருந்த புரதம்தான் குற்றவாளி.

இந்த வேலையில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கோதுமை சாப்பிடும்போதுதான் அளவு மாறியது. சாப்பிடாத நாட்களில் நோய் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு, ஒரே முறையில் திரும்பத் திரும்ப அளந்ததால்தான் இந்த எண்ணையும் அந்த எண்ணையும் ஒப்பிட முடிந்தது.

1950ல் யுட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வேடாகக் கொடுத்து டாக்டர் பட்டம் பெற்றார். 1952ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழு தனியாகச் செய்து பார்த்து, குளூட்டன்தான் காரணம் என்று லான்செட் இதழில் உறுதிசெய்தது. வேறொரு ஊரில், வேறு கைகளில் செய்தபோதும் அதே பதில். அதன்பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. டிக்கே பின்னர் யுட்ரெக்டில் பேராசிரியராகவும், அங்குள்ள வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் இருந்தார். 1962ல், 57 வயதில் காலமானார்.

ரத்தப் பரிசோதனை எப்போது வந்தது?

அதை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்திலேயே, 1950களின் நடுவில், சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வந்துவிட்டது. ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் முறைகள் பிறகு வந்தன. 1997ல் ஜெர்மன் ஆய்வாளர்கள், சீலியாக் நோயாளியின் உடல் எந்த நொதியைத் தாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ். இன்று டாக்டர் சீட்டில் டிடிஜி-ஐஜிஏ என்று எழுதுவது அந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் பரிசோதனையைத்தான்.

ஐரோப்பியக் குழந்தைநல வழிகாட்டுதல்படி, இந்த அளவு லேபின் உச்ச வரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்தால், குழந்தைக்குப் பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம். அந்த அளவுக்கு ரத்தப் பரிசோதனை மேல் பாரம் ஏறியிருக்கிறது. லேப் சரியில்லை என்றால் முடிவும் சரியிருக்காது.

லேபில் என்ன கேட்கணும்?

டிக்கே வழியிலேயே யோசிக்கலாம்.

1. முதலில் தட்டைப் பாருங்க. கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுத்தால், எவ்வளவு நல்ல லேப் என்றாலும் நெகட்டிவ் வரலாம். டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உணவு இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். இட்லி, தோசை, சோறு என்றே ஓடும் வீடு என்றால், கோதுமை எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் மறுபடி தொடங்க வேண்டாம்.

2. டோட்டல் ஐஜிஏ சேர்ந்திருக்கா? சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு உடலில் ஐஜிஏ ஆன்டிபாடியே போதிய அளவு சுரக்காது. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ பொய்யாக நெகட்டிவ் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நெகட்டிவ் என்பதற்கு அர்த்தம். டோட்டல் ஐஜிஏ குறைவு என்றால் ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும்.

3. ரத்தம் எடுக்கும் இடமா, சோதிக்கும் இடமா? பக்கத்துத் தெருவில் எடுக்கும் ரத்தம் வேறு ஊர் லேபுக்குப் போகலாம். சோதிக்கும் லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா, ஐஎஸ்ஓ 15189 தரத்தில் இந்தக் குறிப்பிட்ட பரிசோதனையும் அடங்குமா என்று கேளுங்கள். வாசலில் லோகோ இருப்பதால் எல்லா டெஸ்ட்டுக்கும் அங்கீகாரம் என்று ஆகாது. அங்கீகாரப் பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

4. வெளியில் இருந்து யாராவது சரிபார்க்கிறார்களா? பர்மிங்காம் குழு டிக்கேக்குச் செய்ததைப் போன்றதுதான் இது. வெளி அமைப்பு ஒன்று அனுப்பும் மாதிரிகளைச் சோதித்து, மற்ற லேப்களோடு தன் பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல லேபின் வழக்கம்.

5. ரிப்போர்ட்டில் என்ன இருக்கணும்? எண், அலகு, லேபின் உச்ச வரம்பு, எந்த முறையில் சோதித்தார்கள் என்ற விவரம். கிட்டுக்குக் கிட் அளவுகோல் மாறும். ஒரு லேபில் வந்த 40ம் இன்னொரு லேபில் வந்த 40ம் ஒன்றல்ல. அதனால் தொடர் பரிசோதனைகளை ஒரே லேபில் எடுப்பது நல்லது.

6. இது அந்த டெஸ்ட்தானா? நூறு உணவுகளுக்கு ஐஜிஜி பார்க்கும் ஃபுட் இன்டாலரன்ஸ் பேக்கேஜ் சீலியாக்கைக் கண்டுபிடிக்காது. மரபணு டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலும் நோய் உறுதியில்லை. நெகட்டிவ் என்றால் நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லத்தான் அது பயன்படும்.

பாசிட்டிவ் வந்தால்?

உடனே சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். இந்தியாவில் சுமார் 23,000 பெரியவர்களைச் சோதித்து 2016ல் வெளியான ஆய்வில், வட இந்தியாவில் 100க்கு 1.2 பேருக்கு சீலியாக் ஆன்டிபாடி இருந்தது. தென்னிந்தியாவில் 1,000க்கு ஒருவருக்குத்தான். நோய் அரிதாக இருக்கும் இடத்தில் வரும் பாசிட்டிவில் பொய்யானவற்றின் பங்கு கூடும். வயிறு, குடல் மருத்துவரைப் பார்த்து, பயாப்ஸி தேவையா என்று முடிவாகும்வரை வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். அதற்கு முன் நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கிவிடும். நோய் உண்மையிலேயே இருந்ததா என்பதைப் பிறகு உறுதிசெய்வது கடினம்.